லேட் ஃபீஸ் யார் கட்டுவது?

பி.காம். படித்தவனிடம் பத்து வருஷம் கழித்து எதைக் கேட்டாலும் ஒன்றே ஒன்றுதான் ஞாபகம் இருக்கும். ஒவ்வொரு பற்றுக்கும் சமமாக ஒரு வரவு உண்டு. காஸ்ட்டிங் மறந்து போகும், ஆடிட்டிங் மறந்து போகும், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் பெயர்கூட மறந்து போகும். இது மட்டும் போகாது. கல்யாண மொய் நோட்டைப் பார்த்தால்கூட நடுவில் ஒரு கோடு போடத் தோன்றும்.

போன வாரம் அதே புத்தியோடு ஒரு கல்லூரி காலண்டரைப் புரட்டினேன். (முருகன் படம் போட்டது இல்லை. வருஷ ஆரம்பத்தில் மாணவர்களுக்குக் கொடுப்பார்களே, விதிமுறைகள் அடங்கிய குட்டிப் புத்தகம், அது.) மாணவன் செய்ய வேண்டியவை மட்டும் பதினோரு பக்கம். 75 சதவிகிதம் அட்டெண்டன்ஸ் வேண்டும். கொஞ்சம் குறைந்தால் கண்டோனேஷன் கட்டு. ரொம்பக் குறைந்தால் பரீட்சையே கிடையாது. லைப்ரரி புத்தகம் லேட்டா? ஃபைன். ஐ.டி. கார்டு தொலைந்ததா? ஃபைன். பரீட்சைப் பணம் கட்ட ஒருநாள் தாமதமா? லேட் ஃபீஸ். டி.சி. வேண்டுமா? லைப்ரரி, லேப், ஹாஸ்டல், என்.சி.சி. என்று ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கி 'நோ டியூஸ்' கையெழுத்து வாங்கி வா.

சரி, இது பற்று. வரவு எங்கே? கல்லூரி மாணவனுக்குச் செய்ய வேண்டியவை? தேடிப் பார்த்தேன். ஸ்தாபகர் படம் இருந்தது. முதல்வரின் வாழ்த்துச் செய்தி இருந்தது. கல்லூரிப் பாட்டு இருந்தது, ராகத்தோடு. ரிசல்ட் லேட்டானால் யாருக்கு ஃபைன் என்பது மட்டும் இல்லை.

ட்ரையல் பாலன்ஸ் இப்படி வந்திருந்தால் எங்கள் அக்கவுண்ட்ஸ் வாத்தியார் நோட்டை ஜன்னல் வழியே பறக்க விட்டிருப்பார்.

*

எல்லாக் காலத்திலும் எல்லா ஊரிலும் இப்படித்தானா என்றால், இல்லை.

இத்தாலியில் போலோனா என்று ஓர் ஊர். ஐரோப்பாவின் பழைய பல்கலைக்கழகம் அங்கேதான். 1088-இல் ஆரம்பித்தது என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் 'யுனிவர்சிட்டாஸ்' என்ற லத்தீன் வார்த்தைக்குக் கட்டடம் என்று அர்த்தமில்லை. சங்கம் என்று அர்த்தம். போலோனாவில் அது யாருடைய சங்கம் தெரியுமோ? மாணவர்களுடையது! வெளியூரிலிருந்து சட்டம் படிக்க வந்த வளர்ந்த ஆசாமிகள் முதலில் வீட்டு வாடகைக்காக ஊர்க்காரர்களோடு மல்லுக்கட்டினார்கள். அப்புறம் பேராசிரியர்கள் பக்கம் திரும்பினார்கள்.

மணி அடித்தும் வகுப்பை ஆரம்பிக்காவிட்டால் பேராசிரியருக்கு ஃபைன். முடிகிற மணி அடித்த பிறகும் இழுத்தால் அதற்கும் ஃபைன். வெளியூர் போக லீவ் லெட்டர் போதாது. திரும்பி வருவேன் என்பதற்கு டெபாசிட் கட்ட வேண்டும். வகுப்புக்கு ஐந்து பேர்கூடத் தேறவில்லையா? அன்றைக்கு அவர் வந்திருந்தாலும் ஆப்சென்ட்!

இதைப் படித்துவிட்டு யாரும் பாஸ்போர்ட்டுக்கு அப்ளை செய்ய வேண்டாம். அதுவும் டேலி ஆகாத கணக்குதான். பக்கம் மாறியிருக்கிறது, அவ்வளவே. பாரிஸில் இதற்கு நேர் எதிர்; அங்கே சங்கம் வாத்தியார்களுடையது.

நமக்கு வந்து சேர்ந்தது மூன்றாவது ரகம். 1857-இல் வெள்ளைக்காரன் கல்கத்தா, பம்பாய், மதராஸ் என்று மூன்று பல்கலைக்கழகங்களை ஆரம்பித்தபோது, லண்டன் பல்கலைக்கழகத்தின் அன்றைய மாடலை அப்படியே எடுத்துக்கொண்டான். பாடம் நடத்துவது கல்லூரி. பரீட்சை வைத்துப் பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகம். பிற்பாடு பல்கலைக்கழகங்களும் பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டன என்றாலும், இணைப்புக் கல்லூரியில் படிக்கும் பையனுக்கு இன்றைக்கும் அது தூரத்து சொந்தம் மாதிரிதான். மூன்று வருஷம் படித்தும் அதை அவன் பார்த்ததில்லை. அதுவும் இவனைப் பார்த்ததில்லை. நடுவில் இருப்பது ஒரு ரிஜிஸ்டர் நம்பர். நம்பருக்கு நாம் ஏதோ கடன் பட்டிருக்கிறோம் என்று யாருக்குத் தோன்றும்?

*

ஆனால் கடன் இருக்கிறது. எழுத்திலேயே இருக்கிறது. நான் அதைத் தெரிந்துகொண்டது 2019 ஜூனில், எங்கள் தெரு இஸ்திரிக்காரர் புண்ணியத்தில்.

அவர் பையன் ப்ளஸ் டூவில் நல்ல மார்க். அரசுக் கல்லூரியில் பி.காம். கிடைக்குமோ கிடைக்காதோ என்று பயந்து, வட்டிக்கு வாங்கி, ஒரு தனியார் கல்லூரியில் 40,000 ரூபாய் கட்டிச் சேர்த்துவிட்டார். சட்டைக்கு எட்டு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 5,000 சட்டை. பத்தாம் நாள் அரசுக் கல்லூரியில் கூப்பிட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் ஒரிஜினல் சர்டிபிகேட்டோடு வந்தால் சீட்.

ஒரிஜினல் எல்லாம் தனியார் கல்லூரியின் பீரோவில். அங்கே ஓடினார். "கரஸ்பாண்டென்ட் ஊர்ல இல்லை. கட்டின பணம் திரும்ப வராது. சர்டிபிகேட் வேணும்னா மூணு வருஷ ஃபீஸையும் கட்டிட்டு எடுத்துட்டுப் போங்க" என்றுவிட்டார்கள்.

"பணம் போனா போவுது சார். மார்க் ஷீட்டையாவது வாங்கிக் குடுங்க" என்று என் வாசலில் நின்றார். கையில் என் சட்டைகள், மடிப்புக் கலையாமல்.

"இருங்கண்ணே, பார்ப்போம்" என்றேன். பி.காம்.காரனுக்குத் தெரிந்த இன்னொரு வித்தை கடிதம் எழுதுவது. பிசினஸ் கரஸ்பாண்டென்ஸ் என்று ஒரு பேப்பரே உண்டு. கரஸ்பாண்டென்டுக்கு ஒரு கரஸ்பாண்டென்ஸ்!

யு.ஜி.சி. 2018 அக்டோபரில் போட்ட அறிவிப்பு ஒன்று இருக்கிறது. ஒரிஜினலைச் சரிபார்த்ததும் அங்கேயே மாணவனிடம் திருப்பித் தந்துவிட வேண்டும்; கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது. அட்மிஷனுக்கு அறிவித்த கடைசித் தேதிக்குப் பதினைந்து நாளோ அதற்கும் முன்போ விலகினால் முழு ஃபீஸும் வாபஸ். அதில் ஐந்து சதவிகிதம், போனால் 5,000 ரூபாய், பிடித்துக்கொள்ளலாம். கடைசித் தேதி தாண்டிப் பதினைந்து நாள் வரைகூட 80 சதவிகிதம் உண்டு. முப்பது நாளும் தாண்டினால்தான் நாமம். இவர் விஷயத்தில் கடைசித் தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

ஒரு பக்கக் கடிதம். யு.ஜி.சி.க்கு நகல், பல்கலைக்கழகப் பதிவாளருக்கு நகல். நேரில் கொடுத்து, ஆபீஸ் பிரதியில் தேதி போட்டு சீல் வாங்கி வரச் சொன்னேன். சீல் வைக்கும் முன் கிளார்க் படித்தாராம். எழுந்து உள்ளே போனாராம். ஊரில் இல்லாத கரஸ்பாண்டென்டின் குரல் உள்ளேயிருந்து கேட்டதாம்! சர்டிபிகேட் அன்றைக்கே வந்தது. பணம் இரண்டு மாசம் கழித்து, 38,000 ரூபாய். பையன் வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கே அரசுக் கல்லூரி வாசலில் நின்றான், அப்பா தேய்த்துக் கொடுத்த சட்டையில்.

*

அன்றையிலிருந்து நான் இந்த வரவுப் பக்கத்தைச் சேகரிக்க ஆரம்பித்தேன். சிலது உங்களுக்கும் உதவும்.

ஒன்று, பட்டம். மாணவன் தகுதி பெறும் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பட்டம் தரவேண்டும் என்று 2008-லேயே யு.ஜி.சி. விதி இருக்கிறது. 2023 ஜூனில் தமிழ்நாட்டில் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பட்டத்துக்காகக் காத்திருப்பதாக அன்றைய உயர்கல்வி அமைச்சர் பொன்முடி சொன்னார். தாமதம் யாரால் என்று அரசுக்கும் ஆளுநர் மாளிகைக்கும் வாக்குவாதம். அந்த வழக்கில் நான் நுழையப் போவதில்லை. வேலைக்கு எடுத்த கம்பெனி "டிகிரி எங்கே தம்பி?" என்று கேட்டது அமைச்சரையும் இல்லை, ஆளுநரையும் இல்லை.

இரண்டு, விடைத்தாள். திருத்திய விடைத்தாளை எழுதியவன் பார்க்கலாம், நகல் கேட்கலாம் என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. மனுவுக்குப் பத்து ரூபாய், பக்கத்துக்கு இரண்டு ரூபாய், பதில் சொல்ல முப்பது நாள். அவர்கள் தாளைக் கழிப்பதற்குள் கேட்டுவிட வேண்டும்.

மூன்று, புகார். 2023-இல் வந்த யு.ஜி.சி. விதிப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர்க் குழு இருக்க வேண்டும். பதினைந்து வேலை நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் பதினைந்து நாளுக்குள் நடுவரிடம் அப்பீல். அவருக்கு முப்பது நாள். மாணவன் சொன்னது பொய்ப் புகார் என்று தெரிந்தால் அவன் மீதே நடவடிக்கைக்கு அவர் சிபாரிசு செய்யலாம். பார்த்தீர்களா? இங்கே இரண்டு பக்கமும் இருக்கிறது.

*

மாணவத் தம்பிகள் விசிலடிப்பது கேட்கிறது. கொஞ்சம் பொறுங்கள், உங்கள் கணக்கையும் பார்த்துவிடலாம்.

அரசுக் கல்லூரியில் நீங்கள் கட்டுவது சொற்பம். மீதியைக் கட்டுவது ஊர் ஜனம். இஸ்திரிக்காரர் வாங்கும் சோப்பில்கூட வரி இருக்கிறது. அவர் பணத்தில் சேர்ந்துவிட்டு, ப்ராக்ஸி கொடுத்துவிட்டு மேட்னி ஷோ போவது எந்தக் கணக்கில் வரும்? 'பஸ் டே' என்று பஸ் கூரையில் ஏறி ஆடும்போது, கீழே நிற்பவர்கள் அன்றைக்கு ஆபீஸில் லேட் மார்க் வாங்குகிறார்கள். (வாங்கியிருக்கிறேன்.) ஜூனியரை நிற்க வைத்துப் பாடச் சொல்வது ஜாலி என்று நினைத்தால், 1997-இலிருந்தே தமிழ்நாட்டில் ராகிங்குக்குத் தனிச் சட்டம், இரண்டு வருஷம் வரை உள்ளே தள்ளலாம்.

"ஃபீஸ் கட்டினேன், சர்வீஸ் கொடு" என்று கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போவதும் சுலபமில்லை. ஹரியானாவில் ஒரு மாணவி எம்.ஏ.வும் தபால் வழி பி.எட்.டும் ஒரே சமயத்தில் படித்தார். அன்றைய விதிப்படி அது கூடாது. பல்கலைக்கழகம் பி.எட். பட்டத்தை மறுத்தது. கன்ஸ்யூமர் கோர்ட்டில் அவருக்கு ஜெயம். 2010-இல் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. மாணவர் கன்ஸ்யூமர் அல்ல, விதியை மீறியவர் பட்டத்தை உரிமையாகக் கேட்க முடியாது என்றது. (ஒரே நேரத்தில் இரண்டு டிகிரிக்கு யு.ஜி.சி. 2022-இல் அனுமதி கொடுத்துவிட்டது. அவர் அவசரப்பட்டுவிட்டார்!)

அப்படியானால் மாணவன் யார்? கஸ்டமர் இல்லை. கைகட்டி நிற்கும் வேலைக்காரனும் இல்லை. எனக்குத் தெரிந்த பதில் 1932-ஆம் வருஷத்துக் கூட்டாண்மைச் சட்டத்தில் இருக்கிறது. பி.காம். பையன்கள் நெட்டுரு போடும் சட்டம். பார்ட்னர்கள் எல்லோருக்கும் பொதுவான நன்மைக்காகத் தொழில் செய்ய வேண்டும். ஒருவருக்கொருவர் நேர்மையாக இருக்க வேண்டும். உண்மையான கணக்கைக் காட்ட வேண்டும். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் லாபம் மட்டுமல்ல, நஷ்டமும் சமபங்கு.

இப்போது நடப்பதில் அந்தக் கடைசி வரிதான் உதைக்கிறது. ரிசல்ட் லேட், பட்டம் லேட் என்றால் நஷ்டம் முழுக்க ஒரே பார்ட்னர் தலையில். இன்னொரு பார்ட்னருக்கு ஒரு ரூபாய் லேட் ஃபீஸ்கூடக் கிடையாது. சட்டம் அவருக்குத் தேதி குறித்திருக்கிறது, அந்தத் தேதியை யாரும் போய்க் கேட்பதில்லை. கேட்பதற்குக் கொடி பிடிக்க வேண்டாம். தேதி போட்ட காகிதம், ஒரு சீல், வீட்டில் ஒரு நகல். அதைக் கேட்கும் வாய் சுத்தமாக இருக்க நம் பக்கத்துப் பாக்கியையும் தீர்த்திருக்க வேண்டும்.

ஆபீஸில் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் வைத்து இதைப் படிக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. 'நமக்கென்ன, படித்து முடித்தாயிற்று' என்று பக்கத்தைப் புரட்டாதீர்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் பரண் மேல் பெட்டியை இறக்கிப் பாருங்கள். உள்ளே இருப்பது பட்டமா, ப்ரொவிஷனலா?

ப்ரொவிஷனல் என்றால் உடனே அப்ளிகேஷன் போடுங்கள். லேட் ஃபீஸ் கேட்பார்கள். முனகாமல் கட்டிவிடுங்கள். இந்தத் தடவை லேட் நீங்கள்தான்!