எரிமலை இல்லாத ஊரில் தனியா ஒரு நாள்

ஹவாய் எரிமலையை டிவியில வாயைப் பிளந்து பார்க்கிற நம்ம பிள்ளைங்க, சாமுண்டி மலையைக் காட்டி "இதுவும் எரிமலையாப்பா?"ன்னு கேட்குதுங்க. இல்லீங்க. எரிமலைன்னா பாறைக்குழம்பு வெளியே வந்து கொட்டணும். இங்கே அது பூமிக்குள்ளேயே மெதுவா ஆறி கிரானைட் ஆயிடுச்சு. சுமார் 80 கோடி வருஷத்துச் சமாச்சாரம். மூடியிருந்ததெல்லாம் தேய்ஞ்சுபோக, உள்ளே இருந்தது மலையா நிக்குது. நிஜ எரிமலைப் பாறை வேணும்னா மால்பே பக்கத்து செயின்ட் மேரீஸ் தீவுக்குப் போகணும். மடகாஸ்கர் நம்மை விட்டுப் பிரிஞ்ச காலத்துக் குழம்பு, தூண் தூணா நிக்கும். ஆனா மைசூர்லேருந்து ஒருநாள்ல போய்வர முடியாது.

ஒருநாள் லீவுதான்னா தனியா கிளம்புங்கன்னு சொல்வேன். நான் கிளம்பினப்போ வீட்ல முறைச்சாங்க :-) குடும்பத்தோட கார்ல போனா தரிசனம், போட்டோ, சாப்பாடு, அவ்வளவுதான். தனியா ஆயிரம் படி ஏறினாத்தான் கல்லு கண்ணுக்குத் தெரியுது. வழியில் இருக்கும் நந்தி, தொட்ட தேவராஜ உடையார் காலத்தில் (17-ஆம் நூற்றாண்டு) ஒரே பாறையில் செதுக்கினது. மதியத்துக்கு மேல் மேல்கோட்டை, யோக நரசிம்மர் குன்று. ஸ்ரீபெரும்புதூர்க்காரர் ராமானுஜர் ஊரை விட்டு வந்து தங்கின இடம். நமக்கெல்லாம் சீனியர்!

அடுத்த வாரம் பிள்ளைங்களையும் படி வழியாவே கூட்டிட்டுப் போங்க. கேள்வி கேட்டா பதில் சொல்ல அப்பனுக்கு ஏதாவது தெரிஞ்சிருக்கணும்ல?