பாலங்களின் ஆய்வறிக்கையைக் கேட்டு வாங்குக: திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் மக்களுக்கு ஒரு வேண்டுகோள்

கொள்ளிடத்தின் குறுக்கே 1928இல் கட்டப்பட்ட இரும்புப் பாலத்தில், அருகே புதிய பாலம் வந்ததால் 2016லேயே வாகனப் போக்குவரத்து நிறுத்தப்பட்டிருந்தது. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் அதன் தூண்கள் சரிந்தபோது உயிரிழப்பு நேராததற்கு அதுவே காரணம். அடுத்த சில நாட்களில், 1836இல் எழுப்பப்பட்ட முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. பழியை வெள்ளத்தின்மீது போட்டுவிடுவது ஆட்சியாளர்க்கு எளிது. ஆனால் 2005இல் வந்த பெருவெள்ளத்தை இவ்விரண்டும் தாங்கி நின்றவை. எனவே காரணத்தை வெள்ளத்தில் மட்டுமன்றி ஆற்றுப்படுகையிலும் தேட வேண்டும்.

ஆற்றுப்பாலத்தின் தூணுக்குப் பிடிப்பு, படுகைக்குள் இறக்கப்பட்ட அடித்தளத்தைச் சுற்றியுள்ள மணலே ஆகும். மணல் அள்ளப்பட்டுப் படுகை தாழும்போது நீரோட்டம் தூணின் அடியைக் குடைகிறது. பொறியாளர் மண்ணரிப்பு என்று குறிப்பிடும் இது, ஆறு வறண்ட கோடையில் எவரும் இறங்கிக் காணத்தக்க பழுது. தளத்தின் பழுதும் இவ்வாறே சிறிதாகத் தொடங்குகிறது: வடிகுழாயில் மண் அடைத்துக்கொள்ள, வெயிலில் தளம் நீள்வதற்கென விடப்பட்ட இணைப்பு இடைவெளிகளின் வழியே மழைநீர் கசிந்து, தளத்தின் பாரத்தைத் தூணுக்குக் கடத்தும் பேரிங்குகளை அரிக்கிறது, கைப்பிடிச்சுவரின் விரிசலில் அரசங்கன்று வேர்விடுகிறது. 1976இல் திறக்கப்பட்ட காவிரிப் பாலம் 2022இல் மூடப்பட்டு மாதக்கணக்கில் மக்கள் சுற்றிச் சென்றது, இந்த இணைப்புகளையும் பேரிங்குகளையும் சீரமைப்பதற்காகவே.

புதிய பாலத்துக்கு அடிக்கல் உண்டு, திறப்புவிழா உண்டு, பெயர் பொறித்த கல்வெட்டும் உண்டு. வடிகுழாயைத் தூர்வாரியதற்கு எவரும் கல்வெட்டு வைப்பதில்லை (வைத்தாலாவது வேலை நடக்கும் போலும்). எக்கட்சி ஆண்டாலும் பராமரிப்பு பின்தள்ளப்படுவதற்கு இதைவிட ஆழ்ந்த காரணம் தேட வேண்டியதில்லை. பின்தள்ளுவதன் விளைவுக்கு ஒரு சான்று: குஜராத்தின் கம்பீரா பாலம், பழுது குறித்து உள்ளூர் மக்கள் முன்னரே எச்சரித்திருந்தும், 2025 ஜூலையில் இடிந்து இருபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது.

மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் பாலங்களை ஆய்வுசெய்ய வேண்டும் என்பது பொறியியல் துறை ஏற்ற நெறி. அந்த ஆய்வு நடந்ததா என்பதை மக்கள் அறிய வழியில்லாதிருப்பதே குறையின் வேர் என இக்குடிமக்கள் குழு கருதுகிறது. ஆகவே, தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன் கீழ் பத்து ரூபாய் கட்டணத்துடன் ஒவ்வொரு பகுதி மக்களும் தத்தம் பாலம் குறித்து விண்ணப்பித்து, கடைசி ஆய்வு என்று நடந்தது, தூணடியும் பேரிங்குகளும் எந்நிலையில் உள்ளன, பராமரிப்புக்கு ஒதுக்கிய தொகையில் எவ்வளவு செலவாயிற்று என்னும் மூன்றையும் எழுத்தில் பெறுமாறும், பெற்ற பதிலைக் கிராம சபையிலும் வாக்குக் கேட்டு வருவோரிடமும் முன்வைக்குமாறும் குழு கேட்டுக்கொள்கிறது. பதிலுக்குச் சட்டம் தரும் கெடு முப்பது நாட்கள் என்பதால், வடகிழக்குப் பருவமழைக்கு முன் பழுது பார்க்க அவகாசம் இருக்கும்படி கோடையிலேயே விண்ணப்பித்தல் நலம்.