தோல் டாக்டர்கள் மேல் ஏன் இத்தனை கோபம்?

"நல்ல ரேங்க் வாங்கின புள்ளைங்க, போயும் போயும் தோல் எடுத்திருக்குது!" இந்த அங்கலாய்ப்பை எங்க எருத்தேன்பதிப் பக்கமும் கேட்டாச்சு, இங்கே மஸ்கட்டில் டீக்கடையில் கூடும் நம்ம ஆட்களிடமும் கேட்டாச்சு. முகத்துக்கு க்ரீம் எழுதிக் கொடுக்கவா இத்தனை படிப்பு என்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. நான் பி.காம். படித்த வங்கிக்காரன், மருத்துவம் தெரியாது. கணக்குப் பார்க்கத் தெரியும். அதை மட்டும் பார்க்கிறேன்.

எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருஷம். நீட் பி.ஜி. எழுதி இடம் கிடைத்தால் இன்னும் 3 வருஷம். பொது மருத்துவமோ அறுவை சிகிச்சையோ எடுத்தவருக்கு அதோடு முடிவதில்லை, மேலே இதயம், சிறுநீரகம் என்று மறுபடி 3 வருஷம் படித்தால்தான் நகரத்தில் மதிப்பு. தோல் துறையில் எம்.டி.யோடு தனியாக உட்காரலாம். ராத்திரி 2 மணிக்கு போன் வருவது அபூர்வம்.

பாதுகாப்பும் இருக்கிறது. 2023 மே மாதம் கொட்டாரக்கரை தாலுகா ஆஸ்பத்திரியில் பணியில் இருந்த ஹவுஸ் சர்ஜன் பெண்ணை, போலீஸ் சிகிச்சைக்குக் கூட்டி வந்த ஆளே குத்திக் கொன்றான். 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவக் கல்லூரியில் இரவுப் பணியில் இருந்த பயிற்சி மருத்துவருக்கு நடந்தது நாடே அறிந்தது. இதற்கப்புறமும் "நைட் ட்யூட்டி குறைவான துறையாப் பாரு கண்ணு" என்று ஒரு தாய் சொன்னால் அது பேராசையா?

ஆக, எந்தத் துறைக்கு என்ன விலை என்பதை நாம்தான் நிர்ணயித்து வைத்திருக்கிறோம். 2023இல் முதுகலை இடங்கள் காலியாகக் கிடந்ததால் தகுதி மதிப்பெண்ணை பூஜ்ஜியம் பெர்சன்டைல் வரை இறக்கினார்கள். தோலும் ரேடியாலஜியுமா காலியாக இருந்தன? பெரும்பாலும் அனாடமி, பிசியாலஜி போன்றவைதான். சந்தையில் விலை போகாத சரக்குக்கு, வாங்க வந்தவனைத் திட்டி என்ன பயன்?

அதற்காக எல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. இந்தப் படிப்பின் முழுப் பெயரில் தோல், பால்வினை நோய், தொழுநோய் மூன்றும் உண்டு. தொழுநோய் 10,000 பேருக்கு 1க்கும் கீழே வந்துவிட்டது என்று 2005 கடைசியில் இந்தியா கணக்கை முடித்தது. ஆனால் 2022இல் மட்டும் இங்கே 1 லட்சத்துக்கு மேல் புது நோயாளிகள், உலகக் கணக்கில் பாதிக்கும் மேல். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் 6 மாதமோ 12 மாதமோ இலவச மாத்திரை, அவ்வளவுதான். தாமதித்தால் விரல் மடங்கிவிடும். பரிசோதிக்க வேண்டிய கண்கள் நகரத்தில் லேசர் மிஷினைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

எங்கூர்ப் பக்கம் மழை குறைவு. பார்த்தீனியச் செடி மண்டிக் கிடக்கும். அது சேராத உடம்புக்காரர்களுக்கு முகமும் கழுத்தும் தடித்துக் கறுத்து, அரிப்பில் தூக்கம் போகும். தோல் டாக்டரைப் பார்க்கப் பொள்ளாச்சிக்கோ கோயமுத்தூருக்கோ பஸ் ஏறணும், அன்றைய கூலி போச்சு. மருந்துக்கடையில் ஒரு ட்யூப் வாங்கித் தடவுவது அதைவிட மலிவு. ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாதென்று 2018இல் விதியை இறுக்கினார்கள். ஆனால் பக்கத்தில் சீட்டு எழுத ஆள் வேண்டாமா? படர்தாமரைக்கு அந்தக் களிம்பைப் போட்டால் முதலில் அடங்கி, அப்புறம் ஊரெல்லாம் பரவும்.

வழி இருக்கிறது. ஊரில் நான் வங்கியில் இருந்தபோது கிராமக் கிளைக்கு யாரும் ஆசைப்பட்டுப் போனதில்லை. பதவி உயர்வுக்கு அந்தச் சர்வீஸ் வேண்டும் என்றதும் மூட்டை கட்டினோம். டாக்டர்களுக்கும் அப்படி ஒன்று உண்டு. கிராமத்தில் பணி செய்த அரசு டாக்டர்களுக்கு மேற்படிப்பில் தமிழ்நாடு இடம் ஒதுக்குகிறது. மாநிலங்களுக்கு அந்த அதிகாரம் உண்டென்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அதே கணக்கை, படித்து முடித்த தோல் டாக்டரைத் தாலுகா ஆஸ்பத்திரிக்கு வரவைக்கவும் போடலாம். கூடவே மற்றத் துறைகளின் ட்யூட்டி நேரத்தை மனுஷத்தனமாக்க வேண்டும். அதைச் செய்யாமல் இருபத்தாறு வயதுப் பிள்ளையிடம் மட்டும் தியாகத்தை எதிர்பார்ப்பது நியாயமாகப் படவில்லை.

பி.கு.: அடுத்த தடவை ஊருக்குப் போன் பேசும்போது, உடம்பில் உணர்ச்சியில்லாத வெளிறிய தேமல் இருக்கிறதா என்று பெரியவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் வெட்கப்படாமல் அரசு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள்.