அறுபது மில்லி சலுகை

‘‘சீப்பான நெயில் பாலிஷ் வாங்காதீங்க... அதுல கெமிக்கல் இருக்கு!’’

இந்த அறிவுரையைச் சொல்லாத அழகுக் குறிப்புப் பக்கமே கிடையாது. சொல்பவர்களுக்கு ஒரு தகவல். முந்நூறு ரூபாய் பாட்டிலில் இருப்பதும் கெமிக்கல்தான். சந்தனமும் பன்னீரும் அல்ல!

நெயில் பாலிஷின் அடிப்படைச் சரக்கு நைட்ரோ செல்லுலோஸ். பஞ்சை அமிலத்தில் போட்டுப் பக்குவப்படுத்துவது. வெடிமருந்துக்கும் அந்தக் காலத்து கார் பெயின்ட்டுக்கும் நெருங்கிய சொந்தம். அதைக் கரைத்து வைக்க எத்தில் அசிட்டேட், பியூட்டைல் அசிட்டேட். பூசியதும் இவை ஆவியாகிப் போய்விட, படலம் மட்டும் நகத்தில் தங்கும். படலம் ஒட்டிக்கொள்ளப் பிசின், விரிசல் விடாமல் வளைந்து கொடுக்க இன்னொரு பொருள், அப்புறம் கலர். தேர்த் திருவிழா வளையல் கடையானாலும் ஏ.சி. ஷோரூமானாலும் சமையல் குறிப்பு ஏறக்குறைய இதேதான்.

நானும் போட்டுப் பார்த்தேன். இடது கைக்கு பேன்சி ஸ்டோர் முப்பது ரூபாய் பாட்டில். வலது கைக்கு அதைப்போல் பத்து மடங்கு விலை. வழக்கம்போல பாத்திரம் தேய்த்தேன், துணி அலசினேன். முப்பது ரூபாய் மூன்றாம் நாள் ஓரத்தில் உதிர்ந்தது. முந்நூறு ரூபாய் ஐந்தாம் நாள் உதிர்ந்தது. இரண்டு நாள் கூடுதல் ஆயுளுக்கு இருநூற்று எழுபது ரூபாய்! கொடுக்க முடிந்தவர்கள் தாராளமாகக் கொடுக்கட்டும். முடியாத பெண்ணை ஏளனமாகப் பார்க்க வேண்டாம்.

என் சண்டை விலையோடு அல்ல. லேபிளோடு.

முப்பது ரூபாய் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். விலை இருந்தது, கம்பெனி விலாசம் இருந்தது, பேட்ச் நம்பர் இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்பது மட்டும் இல்லை. ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டின் முதுகில்கூட மாவு, சர்க்கரை, பாமாயில் என்று எழுதியிருக்கிறதே!

கம்பெனிக்காரர் சட்டத்தை மீறிவிட்டாரா? இல்லை. சட்டமே அவருக்குச் சலுகை கொடுத்திருக்கிறது. அழகுப் பொருட்களின் மூலப்பொருள் பட்டியலை அச்சிட வேண்டும் என்று சொல்லும் நம் விதி, அதே மூச்சில் திரவம் என்றால் 60 மில்லிக்குக் கீழே, மற்றவை 30 கிராமுக்குக் கீழே இருந்தால் தேவையில்லை என்கிறது. 2020-ல் அழகுப் பொருட்களுக்கென்று தனியாகப் புது விதிகள் போட்டார்கள். அப்போதும் இந்த வரியைப் பத்திரமாகத் தூக்கிவந்து சேர்த்துக்கொண்டார்கள்.

60 மில்லியில் நெயில் பாலிஷ் யார் வாங்குகிறார்கள்? பாட்டிலே ஐந்து முதல் பத்து மில்லி வரைதான். லிப்ஸ்டிக் நாலு கிராம். கண் மை அதற்கும் குறைவு. பெரிய ஷாம்பு பாட்டிலில் பட்டியல் கட்டாயம், அதே ஷாம்பு சாஷேயில் கட்டாயமில்லை. ஆக, உதட்டிலும் கண்ணிலும் நகத்திலும் பூசுவதற்கும், ஏழை வீட்டில் வாங்குவதற்கும் மட்டும் கேள்வி கேட்பாரில்லை!

தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்கலாம். நெயில் பாலிஷில் வளைந்து கொடுப்பதற்காகச் சேர்த்துவந்த டைபியூட்டைல் தாலேட், கருவைப் பாதிக்கக்கூடியது என்று ஐரோப்பிய யூனியன் 2004-ல் அழகுப் பொருட்களில் தடை செய்தது. ஆகாத பொருட்களின் பட்டியல் நம் இந்தியத் தர நிர்ணய அமைப்பிடமும் உண்டு (ஐ.எஸ். 4707). பட்டியல் இருந்து என்ன பயன்? பாட்டிலில் இருப்பது தெரிந்தால்தானே ஒப்பிட்டுப் பார்க்க முடியும்?

எழுதினால் மட்டும் போதாது, சோதிக்கவும் வேண்டும். 2012-ல் கலிபோர்னியா அரசு, பார்லர்களுக்குப் போகும் நகப்பூச்சுகளைச் சோதித்தது. ‘டொலுவீன் இல்லை’ என்று சொல்லிக்கொண்ட 12-ல் 10-ல் டொலுவீன் இருந்தது!

விசேஷ நாளில் ஒருமுறை பூசிக்கொள்கிறவர் பயந்து நடுங்க வேண்டியதில்லை. ஆனால், ஜன்னல் இல்லாத பார்லரில் காலையிலிருந்து ராத்திரி வரை பத்துப் பேருக்குப் பூசிவிடும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். அவள் மூச்சில் போவது என்னவென்று அவளுக்கே தெரியாது. நகம் கடிக்கிற நம் வீட்டுக் குழந்தைக்கும் தெரியாது.

‘‘இத்துனூண்டு பாட்டில்ல எங்கே சார் எழுதுறது?’’ என்பார்கள். ஐரோப்பாவிலும் பாட்டில் இத்துனூண்டுதான். அங்கே துண்டுச் சீட்டோ அட்டையோ சேர்த்துக் கொடுக்கிறார்கள். அதற்கும் வழியில்லாவிட்டால், பொருள் இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கடையில் எழுதி வைக்க வேண்டும். ஜிகினா எழுத்தில் பெயர் போட இடம் இருக்கிறது, இதற்கு இல்லையா?

மத்திய சுகாதாரத் துறை அந்த ஒரு வரியை நீக்கினால் போதும். புதுச் சட்டம் வேண்டாம், கமிட்டி வேண்டாம். அதுவரை ஜன்னலைத் திறந்து வைத்துப் பூசுங்கள். விலாசமும் லைசென்ஸ் நம்பரும் இல்லாத பாட்டிலைத் தொடாதீர்கள். இருக்கிற பாட்டிலைக் காட்டி, ‘‘உள்ளே என்னங்க இருக்கு?’’ என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அவருக்கும் தெரியாது. பத்துப் பேர் கேட்டால் கம்பெனியிடம் அவரே கேட்பார்.