மழைத்துளிக்கு வால் உண்டா?

மழைத்துளி ஒன்றை வரையச் சொன்னால், நம் மாணவர்கள் மேலே கூர்முனையும் கீழே பருத்த வயிறுமாக ஒரு வடிவத்தை வரைந்து தருவர். பயிற்சி நூல், வகுப்பறைச் சுவரொட்டி என எங்கும் அவ்வடிவமே காணப்படுகிறது. குழாய் முனையில் தொங்கும் நீர் அவ்வாறு தோன்றுவது உண்மைதான். ஆனால், அறுந்து விழுந்த பின் 1 மில்லிமீட்டர் அளவுள்ள துளி, பரப்பு இழுவிசையால் ஏறத்தாழ உருண்டையாகிவிடும். 3 மில்லிமீட்டர் அளவுக்குப் பெருத்தால் அடிப்பக்கம் தட்டையாகிப் பன் ரொட்டி போலாகும். வால் எங்கும் இல்லை.

இதனை வாயால் விளக்குவதைவிட, மாணவரே வீட்டில் படம்பிடித்துப் பார்ப்பது மேல் என்பது என் கருத்து. அதற்குப் பெரும் பொருள் செலவாகும் என்று பலர் அஞ்சுகின்றனர். மருந்துச் சொட்டுக்குழல் ஒன்றும் விளிம்புவரை நீர் நிரப்பிய கருநிறத் தட்டும் போதும். துளி விழும் இடத்தில் ஒரு பென்சிலைக் குறுக்கே வைத்துக் குவியத்தைச் சரிசெய்து, பின் அதனை எடுத்துவிட வேண்டும்.

இங்கே ஒரு கணக்கு உண்டு. 40 செண்டிமீட்டர் உயரத்திலிருந்து விழும் துளி, நீரைத் தொடும்போது நொடிக்கு 2.8 மீட்டர் வேகத்தில் இருக்கும். ஷட்டர் 1/200 நொடி திறந்திருந்தால், அதற்குள் துளி 14 மில்லிமீட்டர் நகர்ந்து, படத்தில் கோடாகத் தேய்ந்துவிடும். எனவே, அசைவை நிறுத்துவது ஷட்டரன்று, பிளாஷ் விளக்கு. அதன் ஆற்றலை 1/32 பங்காகக் குறைத்தால், ஒளி ஏறத்தாழ 1/10,000 நொடியே நீடிக்கும். துளியும் கால் மில்லிமீட்டரளவே நகரும். அறை மட்டும் இருளாக இருக்க வேண்டும். கைப்பேசி மட்டுமே உள்ளவர்கள் நல்ல வெயிலில் மெதுவியக்கக் காணொளியாக எடுக்கலாம்.

இம்முயற்சியின் முன்னோடி ஆர்தர் வொர்த்திங்டன் எனும் ஆங்கிலேய இயற்பியல் ஆசிரியர். இருட்டறையில் மின்பொறியின் ஒளியில் துளி சிதறுவதைக் கண்ணால் கண்டு, பல ஆண்டுகள் கையால் வரைந்தார். அவர் வெளியிட்ட ஓவியங்களில் சிதறல்கள் எல்லாம் அழகிய, சீரான கிரீடங்களாக இருந்தன. 1894-ஆம் ஆண்டில் ஒளிப்படம் எடுக்க முடிந்தபோதோ, கிரீடங்கள் பெரும்பாலும் கோணலாக இருந்தன! பழைய குறிப்பேடுகளிலும் கோணலான ஓவியங்கள் இருந்தன; சீரானதே உண்மையெனக் கருதியதால் அவை ஒதுக்கப்பட்டிருந்தன. அதை அவர் மறைக்கவில்லை. 1908-இல் சிதறல்கள் பற்றிய நூலை வெளியிட்டார். அமெரிக்காவின் ஹெரால்டு எட்ஜர்டன் 1957-இல் எடுத்த பால்துளிக் கிரீடப் படம் உலகப் புகழ் பெற்றது. எனினும், வகுப்பறைக்கு எனக்கு வேண்டியது வொர்த்திங்டனின் கோணல் கிரீடமே.

ஏன்? யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டுவிட்டது; விடைப் பட்டியலைப் பார்த்துத் திருத்தும் பழக்கம் நம்மைவிட்டு நீங்கவில்லை. கண்டதை வரைந்த குழந்தையின் கோணல் படத்தைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, நூலைப் பார்த்து வரைந்த வாலுள்ள துளிக்கு நட்சத்திரம் ஒட்டுகிறோம். "இதெல்லாம் பாடத்திட்டத்தில் இல்லையே, ஐயா" என்கிறார் உடன் பணிபுரியும் ஆசிரியர். உற்றுநோக்கல் அறிவியல் செயற்பாங்குத் திறன்களுள் முதலாவதாக நிற்கிறதே! அது பாடத்திட்டம் இல்லையா?

துளிகளை நேரம் தவறாமல் மோதவிடும் மின்னணு அடைப்பிதழ்களும் விற்பனைக்கு உண்டு. குழந்தைகளுக்கு அவற்றை வாங்கித் தர வேண்டாம். ஐம்பது முறை தவறவிட்டு ஒருமுறை பிடிக்கும்போதுதான், துளி விழுந்ததும் கிரீடமும், சற்றுப் பொறுத்து நடுவில் எழும் நீர்த்தூணும் வரிசையாக மனத்தில் பதியும். ஆழம் குறைந்த நீரில் கிரீடமும் ஆழமான நீரில் தூணும் நன்கு அமையும். பால் ஒளி ஊடுருவாது என்பதால் கிரீடம் தெளிவாகத் தெரியும். பாலை வீணாக்க வீட்டில் சம்மதிக்கமாட்டார்கள். அரிசி களைந்த நீரில் முயலச் சொல்லுங்கள்.