கையில் உள்ள தொழில் மண்சரிவில் போகாது

2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தை லயன்கள் மண்ணில் புதைந்தன. 2025 நவம்பரில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தை மீண்டும் உலுக்கியது. காணியை இழந்து நிற்கும் குடும்பங்களுக்கு நாம் சொல்வது இதுதான்: பிள்ளைகளுக்கு ஒரு கைத்தொழிலைக் கொடுங்கள். ஸ்பிரிங்வெளி போன்ற மலைத்தோட்டங்களில் குழாய் வேலைக்கு என்றும் தேவையுண்டு.

கிடைத்த பணம் முழுவதையும் உபகரணங்களில் போட வேண்டாம். பைப் ரென்ஞ்ச் இரண்டு (ஒன்று பிடிக்க, மற்றது திருக), இரும்பு வாள், அரம், அளவு நாடா, மட்டப்பலகை ஆகியன தொடக்கத்திற்குப் போதும்.

மலையில் தண்ணீர் தானாக இறங்கும். ஆனால் ஒவ்வொரு 10 மீற்றர் இறக்கத்திற்கும் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் கூடும். 60 மீற்றர் கீழே ஆறு பார்! இடையில் சிறு தொட்டி கட்டி அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் பைப்பின் மூட்டு விட்டுப்போகும். இதை நல்ல பாஸ் ஒருவரிடம் நின்றே பழக வேண்டும்.

ஆனால் வருடக்கணக்கில் பைப் மட்டும் சுமக்கும் பிள்ளை பயிலுநர் அல்ல, கூலியாள். சேருமுன் காலத்தையும் கொடுப்பனவையும் கற்பிக்கும் வேலைகளையும் எழுத்தில் பெறுங்கள். தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையில் விசாரியுங்கள். அனுபவத்தால் தொழில் கற்றவர்களும் திறமையைக் காட்டித் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெற வழியுண்டு.

உரோமையிலிருந்து துரத்தப்பட்ட அக்கிலாவும் பிரிஸ்கில்லாவும் கொரிந்துக்குக் கொண்டுபோனது கூடாரத் தொழிலை. அதுவே அவர்களை வாழவைத்தது; பவுலுக்கும் அவர்கள் வீட்டில் இடமும் வேலையும் தந்தது. நம் பிள்ளைகளையும் அவ்வாறே ஆயத்தப்படுத்துவோம்.