கோடும் புள்ளியும் எம்மொழியில் பேசும்?

கணக்கிற்கு மொழியில்லை; ஆகவே அதனை ஆங்கிலத்தில் கற்றாலென்ன என்று வினவுவார் நம்மிடையே பலர். மொழியில்லாதது கணக்கின் முடிவு. அம்முடிவைத் தேடும் எண்ணத்திற்கு மொழி உண்டு. அதிலும், நால்வர் கூடியமர்ந்து ஒரு வடிவியற் புதிரை அவிழ்க்கும்போது, 'இங்கே கோடு இழு; இல்லை, அது பொருந்தாது' என்று வழக்காடும் நாவிற்குத் தாய்மொழியே துணை.

அங்கேரி நாட்டைப் பாருங்கள். அங்கு 1844 வரை இலத்தீனே ஆட்சிமொழி. அவ்வாண்டில்தான் அங்கேரிய மொழி சட்டப்படி அரியணை ஏறிற்று. ஐம்பதாண்டு கழித்து, 1894-இல், தானியேல் அரானி என்னும் பள்ளியாசிரியர் மாணவர்க்கென்றே தாய்மொழியில் ஒரு கணக்கிதழைத் தொடங்கினார். அதில் புதிர்கள் வரும். மாணவர் விடை எழுதி விடுப்பர். நல்ல விடைகள் அச்சேறும்.

அவ்விதழால் வளர்ந்த பால் எர்தீசு, சியார்சு செக்கெரசு முதலிய இளைஞர்கள், 1930-களின் தொடக்கத்தில் புடாபெசுட்டு நகரப் பூங்காவில் ஒரு சிலையருகே கூடிப் புதிர் அவிழ்த்தனர். அங்கேரியர் வரலாற்றை இலத்தீனில் எழுதிவைத்த, பெயரறியாப் பழம்புலவன் ஒருவனின் சிலை அது! அவன் காலடியில் அமர்ந்து அவர்கள் தம் தாய்மொழியில் வழக்காடினர்.

1933 அளவில் அவர்களுள் ஒருவரான எசுதர் கிளைன் என்னும் இளம்பெண் ஒன்று கூறினார்: எம்மூன்றும் ஒரே கோட்டில் அமையாதவாறு ஐந்து புள்ளிகளை எங்கு வைப்பினும், அவற்றுள் நான்கு, உட்குழிவில்லாத நாற்கோணம் ஒன்றன் முனைகளாக அமைந்தே தீரும். எவ்வாறு? ஐந்தையும் சுற்றிக் கயிறொன்றை இறுக்கிக் கட்டியதாகக் கொள்க. கயிறு நான்கையோ ஐந்தையோ தொட்டால் விடை முடிந்தது. மூன்றையே தொட்டால், இரண்டு உள்ளே நிற்கும். அவ்விரண்டின் வழியே நீண்ட கோடு இழுத்தால், முக்கோணத்தின் முனைகளுள் இரண்டு ஒரே புறத்தில் விழும். அவ்விரு முனைகளும் உள்ளிருக்கும் இரு புள்ளிகளுமே நாம் தேடிய நாற்கோணம்!

இவ்விளக்கத்தில் எந்தச் சொல்லுக்கு ஆங்கிலம் வேண்டியிருந்தது?

அப்புதிரை விரித்து எர்தீசும் செக்கெரசும் கண்ட முடிவு 1935-இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அதை நாம் மறைக்கவில்லை. உலகுக்கு அறிவிக்க அயன்மொழி உதவலாம். எண்ணுதற்கும் ஐயுறுதற்கும் தாய்மொழியே வேண்டும். அந்நாளில் ஒரு கோடி மக்களும் இல்லாத நாடு அதனை உணர்ந்தது. பல கோடி மக்களாகிய நாமோ, விடை தெரிந்தும் ஆங்கிலச் சொல் தெரியாமையால் வாயடைத்து நிற்கும் பிள்ளையை 'அறிவிலி' என்கிறோம். யார் அறிவிலி?

தமிழாசிரியர்களே, கணக்காசிரியர்களே! கைகோத்து நில்லுங்கள். பள்ளிதோறும் தமிழில் கணக்கு மன்றம் காணுங்கள். அதற்குக் கட்டடம் வேண்டா; பொருள் வேண்டா; ஒரு மரநிழலும் மண்ணில் கோடிழுக்க ஒரு குச்சியும் போதும். பிள்ளைகள் தமிழில் வழக்காடட்டும், தவறட்டும், திருந்தட்டும். தமிழில் எண்ணத் துணிந்தவன் எவர்க்கும் அடிமையாகான்!